ஹைலக்ஸின் ஸ்ரியறிங் ஆட்டம்: பெட்டியை இறுக்கியும் தீராத பழுது

போன ஆனியில் சித்தப்பா பருத்தித்துறையிலிருந்து வெறும் வண்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். வல்லை வெளியில் சோளகக் காற்று பக்கவாட்டாக அறைந்துகொண்டிருந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம்விட்டுக் கரைக்கு ஒதுங்கினார், ஒரு சின்னப் பள்ளத்தில் முன்சில்லு இறங்கி ஏறியது, அவ்வளவுதான், ஸ்ரியறிங் கைக்குள் நிற்காமல் இரண்டு பக்கமும் வெடவெடவென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. பிறேக்கை மெல்ல மெல்ல மிதித்து, வண்டி நிற்கிற அளவுக்கு வந்த பிறகுதான் அடி ஓய்ந்தது. வீட்டுக்கு வந்து திறப்பை மேசையில் வைத்தவர், "இனி இதை நான் ஓட்டமாட்டன், நீ பார்த்துச் சொல்லு" என்றார். முப்பது வருசம் லொறி ஓட்டிய மனிதர் அப்படிச் சொன்னதும் எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது.

வண்டி ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், எல்என்106. 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், நான்கு சில்லு இழுவை. இந்த மொடலின் முன் அச்சு, இப்போது வருகிற வண்டிகளைப்போல இரண்டு பக்கமும் தனித்தனியாக அசைவதில்லை, ஒரே திண்ணமான அச்சு, அதைத் தாங்குவது தகட்டு ஸ்பிறிங். அமெரிக்காவுக்குப் போன ஹைலக்ஸ்களில் எண்பதுகளின் நடுவிலேயே தனித்தனி அமைப்பு வந்துவிட்டது, ஆனால் எல்என்106 1997 வரைக்கும் இந்தப் பழைய அச்சோடுதான் வந்தது. எங்கள் பக்கத்தில் இந்த வண்டி இன்னும் ஓடுவதற்குக் காரணமும் அதுதான். சித்தப்பா நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றித் திருநெல்வேலிச் சந்தைக்கும் மருதனார்மடத்துக்கும் போவார், காலபோகம் தொடங்கினால் விதைநெல்லும் பசளையும் ஏற்றிக்கொண்டு பரந்தன் வயலுக்குள் இறங்குவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது, ஆகவே இதை விற்றுவிட்டு இன்னொன்று வாங்குவது பற்றி யாரும் பேசவில்லை. இருக்கிறதைச் சரிசெய்ய வேண்டும்.

முதலில் குறைகளை ஒரு தாளில் எழுதினேன். ஸ்ரியறிங் சில்லின் விளிம்பில் கையை வைத்து ஆட்டினால் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் வெறுமனே போய்வந்தது, ரொயோட்டா கையேடுகளில் 30 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கும். மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் வண்டி தன் பாட்டுக்கு இடமும் வலமும் அலைந்தது. பள்ளத்தில் விழுந்தால் அந்த வெடவெடப்பு. பிறேக் பிடித்தால் இலேசாக ஒரு பக்கம் இழுத்தது. கடைசியாக ஒன்று, இதுதான் எனக்குப் புதிராக இருந்தது: சந்தியில் திருப்பிவிட்டுக் கையை விட்டால் ஸ்ரியறிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை, கையால் இழுத்துக்கொண்டுவர வேண்டியிருந்தது. தளர்ந்துபோன ஸ்ரியறிங் ஒரே நேரத்தில் எப்படி இறுக்கமாகவும் இருக்கும்?

அதற்கு முந்தின ஒரு வருசத்துக்குள் வண்டி மூன்று கராஜ் பார்த்திருந்தது. முதலாவது இடத்தில் ஸ்ரியறிங் பெட்டியின் மேல் உள்ள திருகை இறுக்கினார்கள், இரண்டு கிழமைக்கு நன்றாக இருந்தது. இரண்டாவது இடத்தில் முன்சில்லு இரண்டையும் இணைக்கிற ரை றொட்டின் முனைகள் இரண்டையும் மாற்றி, திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள். மூன்றாவது இடத்தில் ஸ்ரியறிங்குக்கான அதிர்வுதாங்கியைப் புதிதாகப் போட்டு, சில்லுகளைப் பலன்ஸ் செய்து அனுப்பினார்கள். வெடவெடப்பு கொஞ்ச நாள் காணாமல் போனது, பிறகு முன்னையதைவிடப் பலமாக வந்தது. அதிர்வுதாங்கி வேலைசெய்யாமல் இல்லை, அது தன் வேலையைச் செய்து உள்ளே இருந்த ஆட்டத்தை எங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. அந்த மாதங்களில் தேய்வு மட்டும் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

இந்த வண்டியில் கையின் அசைவு சில்லுக்கு எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால் மிச்சம் எல்லாம் விளங்கும். ஸ்ரியறிங் தண்டு பெட்டிக்குள் இறங்குகிறது. பெட்டியின் அடியில் ஒரு இரும்புக் கை தொங்குகிறது, அது முன்பின்னாக ஆடும். அந்தக் கையிலிருந்து டிறாக் லிங்க் என்ற தண்டு முன்பின்னாகவே ஓடி வலப்பக்க நக்கிளின் மேலுள்ள கையைத் தள்ளி இழுக்கிறது. வலது சில்லு திரும்ப, ரை றொட் அதை இடது சில்லுக்குக் கொண்டுபோகிறது. நக்கிள் என்பது சில்லைத் தாங்கி அச்சின் முனையில் திரும்பும் பகுதி, மேலும் கீழுமாக இரண்டு கூம்புப் பெயரிங்கில் நின்று திரும்புகிறது, அதைத்தான் கிங் பின் பெயரிங் என்கிறோம். இத்தனை மூட்டுகளில் எது தேய்ந்தாலும் ஓட்டுபவருக்குக் கையில் தெரிவது ஒன்றுதான். அதனால்தான் எல்லாரும் கைக்கு எட்டுகிற திருகை முதலில் இறுக்குகிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் அண்ணை இருக்கிறார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தபடி வேலை பழகியவர். புதிய சாமானே வராத காலத்தில் பழகியவர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, எது உண்மையாகவே பழுது என்று தெரியாமல் ஒன்றையும் கழற்றமாட்டார்கள். ஞாயிறு காலை வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்து வலது முன்சில்லுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி முகர்ந்தார். "தம்பி, இது கிறீஸ் இல்லை, டிஃப் ஒயில். இதை ஒருதரும் உமக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். டிஃப் ஒயில் என்றால் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியின் ஒயில். நான் அந்தக் கசிவைக் கண்டிருந்தேன், பழைய வண்டியென்றால் ஒயில் கசியும்தானே என்று விட்டிருந்தேன்.

பிறகு சோதனை. இதை யாரும் வீட்டில் செய்யலாம், இரண்டு பேர் வேண்டும். சில்லுகள் நிலத்திலேயே இருக்க வேண்டும், ஜக் போடக்கூடாது, பாரம் மூட்டுகளில் இருக்கும்போதுதான் உண்மையான ஆட்டம் தெரியும். பின்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஹான்ட் பிறேக் இழுத்து, கியரை நியூற்றலில் விட்டு எஞ்சினை ஸ்ராட் செய்தோம். எஞ்சின் ஓட வேண்டும் என்று அண்ணை வற்புறுத்தினார். பவர் ஸ்ரியறிங் பெட்டிக்குள் ஒரு மெல்லிய முறுக்குத்தண்டு இருக்கிறது, எஞ்சின் நிற்கும்போது கையால் ஆட்டினால் முதலில் அது முறுகும், பிறகுதான் வெளியே உள்ள கை அசையும், பார்ப்பவருக்குப் பெட்டிதான் ஆடுகிறது என்று தோன்றும். முந்தின இடங்களில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்ததை சித்தப்பா நேரில் கண்டவர்.

நான் மேலே இருந்து ஸ்ரியறிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டினேன், அண்ணை கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வந்தார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் இரண்டு துண்டு சேருகிற இடத்தில் கையை வைத்தால் தெரியும். தண்டின் இணைப்புச் சரி. பெட்டிக்குள் தண்டு அசைந்த அந்தக் கணமே கையும் அசைந்தது, பெட்டி சரி. பெட்டி சட்டத்தில் பூட்டியிருக்கிற இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தோம், இந்த வகை ஹைலக்ஸ்களில் பெரிய ரயர் போட்டு ஓடினால் அந்த இடத்தில் சட்டம் வெடிக்கும். வெடிப்பு இல்லை.

டிறாக் லிங்கின் முன் முனையில் கையை வைத்தபோது "இஞ்சை ஒண்டு" என்றார். உருண்டை தன் கிண்ணத்துக்குள் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நகர்ந்த பிறகுதான் தண்டு அசைந்தது. 3 மில்லிமீற்றர் சின்னதாகத்தான் தோன்றும். ஆனால் பெட்டிக்குள் பற்கள் சுற்றைப் பல மடங்கு குறைத்துத்தான் கீழே அனுப்புகின்றன, ஆகவே கீழே உள்ள 3 மில்லிமீற்றர் உங்கள் கையில் ஐந்தாறு சென்ரிமீற்றராக வரும். கொஞ்சம் பின்னால் போனார், "இஞ்சை ரண்டாவது." வலது நக்கிளின் மேலுள்ள கை, தள்ளும்போது திரும்புவதற்கு முன்னால் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பியது. அந்தக் கையைப் பிடிக்கிற நான்கு நட்டில் இரண்டு, ஸ்பனரைச் சும்மா வைத்ததும் சுற்றின. அந்த நான்கும் உடைந்தால் வலது சில்லுக்கும் ஸ்ரியறிங்குக்கும் தொடர்பே இருக்காது. சித்தப்பா அருகில் நின்று அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் ஜக் போட்டு, சட்டத்துக்குத் தாங்கி வைத்து, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினோம். நன்றாக ஆடியது. இங்கே ஒரு வழி இருக்கிறது: ஒருவர் பிறேக்கை அழுத்திப் பிடித்திருக்க மற்றவர் ஆட்ட வேண்டும். ஆட்டம் முழுக்க நின்றால் ஹப், அதாவது சில்லு பூட்டியிருக்கிற நடுப்பகுதி, அதன் பெயரிங்தான் தளர்வு, நிற்காவிட்டால் கிங் பின். பிறேக் அழுத்தும்போது ஹப்பும் நக்கிளும் ஒன்றாகிவிடும், அதன்பிறகும் மிஞ்சுகிற ஆட்டம் நக்கிளுக்கும் அச்சுக்கும் இடையில்தான் இருக்க முடியும். எங்களுக்கு வலப்பக்கம் பாதி குறைந்தது, பாதி மிஞ்சியது. இரண்டுமே தளர்வு.

வலப்பக்கத்தைக் கழற்றினோம். ஹப்பின் உள்ளே இருக்கிற நட்டுக்கு 54 மில்லிமீற்றர் சொக்கெற் வேண்டும், அது எங்களிடம் இல்லை. முன்னர் கழற்றியவர்கள் உளியால் அடித்தே கழற்றியிருக்கிறார்கள், நட்டின் முகமெல்லாம் காயம். உளியால் இறுக்கிய நட்டு எவ்வளவு இறுக்கம் என்று யாருக்குமே தெரியாது. லேத் பட்டறையில் ஒரு குழாயை வெட்டிச் சொக்கெற் செய்து வாங்கினோம், அந்த ஒரு நாள் தாமதம் வீண்போகவில்லை. நக்கிள் கையின் நட்டுகளுக்குக் கீழே கூம்பு வடிவ வாசர்கள் இருக்கும், நட்டைக் கழற்றிய பிறகும் அவை கையைப் பிடித்துக்கொண்டே இருக்கும், பித்தளைத் துண்டை வைத்துக் கையின் பக்கத்தில் ஓங்கி அடித்தால் துள்ளி வெளியே வரும். நெம்பினால் நட்டு ஏறுகிற ஸ்ரட்தான் உடையும்.

நக்கிளைத் திறந்ததும் உள்ளே இருந்தது கிறீஸ் இல்லை. ஒடியற்கூழ் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு வடிந்தது. டிஃப் ஒயில் அச்சுக் குழாய் வழியாக வந்து, ஒயிலைத் தடுத்து நிற்கவேண்டிய, ஆனால் தேய்ந்துபோன உள் சீலைத் தாண்டி, நக்கிளுக்குள் இறங்கிக் கிறீஸைக் கரைத்து வெளியே கொண்டுபோயிருக்கிறது. கீழ்ப் பெயரிங்தான் மேலதைவிட மோசம், வண்டியின் பாரம் இறங்குவது அதில்தான். அதன் வளையத்தில் உருளைகள் பதிந்த கோடுகள், விரல் நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டன. கோடுகள் எல்லாம் சில்லு நேராக நிற்கும் நிலைக்கு உரிய இடத்தில்தான் இருந்தன, வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது, ஒவ்வொரு பள்ளமும் அதே இடத்தில் அடித்திருக்கிறது. ஆக சில்லு நேரில் நிற்கும்போது உருளைகள் குழிக்குள் இறங்கி ஆட்டம் காட்டும், திருப்பினால் குழியைவிட்டு ஏறி இறுகும். என் புதிரில் பாதி அங்கே தீர்ந்தது. மறுபாதி பெட்டியில் இருந்தது.

சீல் தேய்ந்தது வயதால்தான் என்று நினைத்துப் பெயரிங்குக்கும் சீலுக்கும் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணை அச்சின் மேலே இருக்கிற பிறீதரைக் கழற்றிக்கொண்டுவந்து என் கையில் வைத்தார். விரல் நுனி அளவான ஒரு மூடி. அச்சுக்குள் ஒயில் சூடாகிக் காற்று விரியும்போது அந்தக் காற்று வெளியேறுவதற்கு உரிய வழி அது. எங்கள் செம்மண்ணும் பரந்தன் சேறும் சேர்ந்து அதைச் செங்கல்லைப்போல அடைத்திருந்தன. காற்றுக்கு வேறு வழியில்லாததால் அது சீலைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது, ஒயிலும் கூடவே போயிருக்கிறது. இதைக் கவனிக்காமல் சீலும் பெயரிங்கும் மட்டும் போட்டிருந்தால் அடுத்த காலபோகத்துக்குள் புதிய சீலும் போயிருக்கும், ஒரு வருசத்துக்குள் அதே கூழ். அடைபட்ட பிறீதர், அதனால் கசிந்த சீல், சீலால் கரைந்த கிறீஸ், கிறீஸ் இல்லாமல் போன பெயரிங், பெயரிங் ஆட்டத்தால் தளர்ந்த நட்டு, எல்லாம் சேர்ந்து வல்லை வெளியில் சித்தப்பாவின் கையில் அடித்திருக்கிறது. ஸ்ரியறிங் பெட்டிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, ஆனால் ஒரு வருசமாக அடிவாங்கியது அது.

பெயரிங்குகள் யாழ்ப்பாணம் ரவுணிலேயே கிடைத்தன. உள் சீலும் டிறாக் லிங்க் கிண்ணங்களும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன. பெயரிங்கில் மட்டும் மலிவானதை வாங்கவேண்டாம் என்று அண்ணை சொன்னார், நானும் அதையே சொல்வேன், இதைப் பொருத்துகிற வேலை ஒரு நாள், பொருள் போலியானால் அந்த நாளும் போய்விடும்.

பொருத்தும்போது கவனமாக இருக்கவேண்டியது ஷிம் தகடுகளில். மேல் கைக்குக் கீழே சில மெல்லிய தகடுகள், கீழ் மூடிக்கு மேலே சில. இவை பெயரிங்கின் இறுக்கத்தையும் நிர்ணயிக்கின்றன, நக்கிள் அச்சின் நடுவில் நிற்கிறதா என்பதையும் நிர்ணயிக்கின்றன. மேலதையும் கீழதையும் கலந்துவிட்டால் நக்கிள் கொஞ்சம் மேலேயோ கீழேயோ போய்விடும், சீல் நடுவில் நிற்காது. கழற்றும்போதே இரண்டையும் தனித்தனி ரின்னில் போட்டு எழுதி வைத்தோம். இறுக்கத்தைப் பார்க்க, கையின் துளையில் சுருள் தராசைக் கொழுவி, நக்கிள் அசையத் தொடங்கும்போது தராசு என்ன காட்டுகிறது என்று படித்தோம். முதல் தடவை 7 கிலோ காட்டியது, அதிகம் என்று ஷிம் சேர்க்கப் போனோம், பிறகுதான் வெளி சீலையும் பூட்டியபடியே இழுத்தது தெரிந்தது. சீலின் உராய்வும் அதில் சேர்ந்துவிட்டது. சீலைக் கழற்றி இழுத்தால் 2 கிலோதான். மேலும் கீழும் ஒவ்வொரு மெல்லிய தகடு எடுத்தோம், 4 கிலோவுக்குக் கிட்ட வந்து நின்றது. அதோடு விட்டோம். நக்கிள் கையின் நட்டுகளை 96 நியூற்றன் மீற்றரில் இறுக்கினோம், இதற்கு இறுக்கத்தை அளந்து காட்டுகிற ரோக் ஸ்பனர் இரவல் வாங்கியாவது செய்யுங்கள், கைக்கணக்கு இந்த இடத்துக்குப் போதாது. நக்கிளுக்குள் மொலிப்டினம் கலந்த கிறீஸ் முக்கால் அளவுக்கு. பிறீதரை மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு றப்பர் குழாய் போட்டு எஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினோம், இனி வயல் தண்ணீரும் உள்ளே போகாது. இடப்பக்கத்தில் கிங் பின் நல்ல நிலையில் இருந்தது, சீலை மட்டும் மாற்றினோம்.

டிறாக் லிங்கில் உருண்டையை இரண்டு கிண்ணங்கள் நெரித்துப் பிடிக்கும், பின்னால் ஸ்பிறிங், கடைசியில் திருகுமூடி. கிண்ணங்களை மாற்றி, மூடியை முழுக்க இறுக்கி, பிறகு ஒரு சுற்றுக்குச் சற்றுக் கூடத் தளர்த்தி, துளை நேருக்கு வந்த இடத்தில் ஊசி போட்டோம். இறுக்கியே விட்டால் உருண்டை திரும்ப இடமிருக்காது.

கடைசியாகப் பெட்டி. மேலே உள்ள திருகை இரண்டு கராஜிலும் இறுக்கியிருந்தார்கள் என்று சொன்னேன். பெட்டிக்குள் பற்கள் நடு நிலையில் மட்டும் நெருக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டவை, இரண்டு பக்கமும் போகப் போக இடைவெளி கூடும். ஆட்டத்தைப் போக்குவதற்காகத் திருகை அளவுக்கு மேல் இறுக்கினால் நடுவில் பற்கள் கவ்விக்கொள்ளும், ஸ்ரியறிங் தானாகத் திரும்பாது. சந்தியில் சித்தப்பா இழுத்து இழுத்துக் கொண்டுவந்தது இதனால்தான். திருகைத் தளர்த்தி, டிறாக் லிங்கைக் கழற்றியபடியே ஸ்ரியறிங்கை ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்குச் சுற்றி எண்ணி, பாதியில் நிறுத்தி, அந்த உண்மையான நடுவில் வைத்து, ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் திருகை இறுக்கிப் பூட்டினோம். ஸ்ரியறிங்கின் கம்பி நேராகத் தெரிவதை நடு என்று எடுக்காதீர்கள், யாராவது கழற்றி மாற்றிப் பூட்டியிருக்கலாம்.

சில்லுகளின் நேரை ரேப்பாலேயே பார்த்தோம், ரயரின் நடுவில் சோக்கால் கோடு போட்டு முன்னும் பின்னும் அளந்து, முன்பக்கம் 2 மில்லிமீற்றர் குறைவாக வைத்தோம்.

அடுத்த நாள் பின்னேரம் சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். புத்தூர், ஆவரங்கால் தாண்டி வல்லை வெளிக்கு வந்தபோது சோளகம் அன்றும் அதே மாதிரி அடித்தது. 60 கிலோமீற்றரில் ஒரு கையால் பிடிக்க வண்டி கோட்டில் நின்றது. அதே பள்ளத்தைத் தேடி வேண்டுமென்றே வலது சில்லை இறக்கினேன், ஒரு தட்டு, அதோடு சரி. நெல்லியடிச் சந்தியில் திருப்பிக் கையைத் தளர்த்த ஸ்ரியறிங் தானாக நேருக்கு வந்தது. திரும்பி வரும்போது சித்தப்பா ஓட்டினார். விளிம்பில் இப்போது ஆட்டம் 2 சென்ரிமீற்றர்.

பிறேக்கில் இழுப்பு மட்டும் முழுக்கப் போகவில்லை. ஸ்பிறிங்கின் முனையில் உள்ள றப்பர் புஸ்கள் தேய்ந்தால் பிறேக் பிடிக்கும்போது அச்சு முன்பின்னாக நகரும். இந்த வண்டியில் டிறாக் லிங்கும் முன்பின்னாக ஓடுவதால், அச்சு நகர்வது ஸ்ரியறிங்கைத் திருப்பியதற்குச் சமம். வலப்பக்கப் புஸ்களைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தபோது அசைவு தெரிந்தது. ஒரு மாதம் கழித்து நான்கையும் மாற்றினோம், இழுப்பு நின்றது. 500 கிலோமீற்றர் ஓடியதும் நக்கிள் நட்டுகளைத் திரும்ப ரோக் வைத்துப் பார்த்தோம், ஒன்று கால் சுற்று இறங்கியது. அதற்கடுத்த தடவை ஒன்றும் அசையவில்லை. லேத்தில் செய்த 54 சொக்கெற் இப்போது அண்ணையின் பெட்டிக்குள் இருக்கிறது, கோப்பாயில் இன்னும் இரண்டு ஹைலக்ஸுக்கு அது வேலைசெய்துவிட்டது, இரண்டிலும் அவர் முதலில் தேடிப் பார்த்தது பிறீதரைத்தான்.